மாடி ஏசி கீழே இறங்கிய கதை

தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம். கீழே மத்திய அரசு மானியத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. மாடியில் கட்டணம் வாங்கும் கம்ப்யூட்டர் சென்டரும் இயக்குநர் அறையும். கரண்ட், வாடகை, தன் அறை ஏசி, சோபா வரை எல்லாப் பொதுச்செலவையும் இயக்குநர் சத்தியசீலன் பள்ளி மானியத்திலேயே எழுத வைத்திருந்தார்.

"நாளைக்கு ஆடிட்டர் வாறாரு. கணக்கும் நடப்பும் ஒத்துப்போகணும். ஒரு நம்பர மாத்துன, உன் வேல காலி!" என்று கணக்கெழுதும் பிலோமினாவை மிரட்டினார்.

"சரி சார்."

மறுநாள் அவர் அறை வெறிச்சோடிக் கிடந்தது. கீழே வகுப்பறையில் ஏசி ஜில்லென்று ஓட, அவருடைய சோபாவில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"நம்பர மாத்தல சார். கணக்குல எங்க இருக்கோ, அங்கயே கொண்டுபோய் வச்சிட்டேன்."

வாசலில் ஆடிட்டர் கார் வந்து நின்றது. சத்தியசீலனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"தாயே, மாடிச் செலவ மாடிக்கே பிரிச்சு எழுதிரு. ஏசிய மட்டும் மேல ஏத்திரு."

"ஏத்திரலாம் சார். ஏத்துகூலிய எந்தக் கணக்குல எழுத?"