நூற்று எழுபத்தொரு செகண்டு

“டீச்சர், மத்த எல்லாத்தையும் கழட்டுதேன். இந்த ஒரு முள்ளை மட்டும் அசைக்காம விட முடியுமா?”

“முடியாது, அண்ணாச்சி.”

கேட்டவர் சந்தியாகு. அறுபத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதில் சொன்ன ருகையாவுக்கு முப்பத்து நான்கு. பழுதான பழைய கைக்கடிகாரம் எதுவானாலும் தூத்துக்குடியில் அவரிடம்தான் வரும்.

இரண்டு வருஷமாகச் சந்தியாகு அவரிடம் வேலை கற்கிறார். கற்க வந்ததே இந்த ஒரு கடிகாரத்துக்காக.

கையை அசைத்தால் தானே சாவி ஏறும் பழைய ஆட்டோமேட்டிக். ஓடாமல் நின்று பல வருஷம் ஆகிறது. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவில் உள்ள நீள முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ் பொத்தான் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரும்.

நீள முள் ஐம்பத்தொன்றில் நின்றது. நிமிஷம் காட்டும் குட்டி முள் இரண்டில் நின்றது.

“நிப்பாட்டினது யாரு?” என்றார் ருகையா.

“நான்தான். முப்பத்து நாலு வருஷம் ஆச்சு.”

சந்தியாகுவின் அண்ணன் கஸ்பார் சங்கு குளிக்கிறவர். கடலில் இறங்கும் முன் கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் கொடுப்பார். அண்ணன் தலை மறைந்ததும் தம்பி பொத்தானை அமுக்குவார். தலை தெரிந்ததும் மறுபடி அமுக்குவார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

ஒரு நாள் லசார் என்ற கூட்டாளி கீழே போனவர் வரவில்லை. அறுந்து கிடந்த நைலான் வலையில் கால் மாட்டிக்கொண்டது. கஸ்பார் கத்தியைக் கடித்துக்கொண்டு குதித்தார். பழக்கத்தில் சந்தியாகுவின் விரல் அமுக்கியது. இரண்டு தலைகள் மேலே வந்தபோதும் அமுக்கியது. அதற்குப் பிறகு அந்தப் பொத்தான்களை யாரும் தொடவில்லை.

லசார் பிழைத்தார். கஸ்பாரும் நெடுநாள் வாழ்ந்து, மூன்று வருஷம் முன்புதான் காய்ச்சலில் போனார். அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். “ஒரு முங்கு போட்டேம்லே. அவ்வளவுதான்.”

“இந்த முள் அசைஞ்சுட்டா அதுக்கு சாட்சி ஏது டீச்சர்?”

“போட்டோ எடுத்துக்கிடுங்க.”

“எடுத்தாச்சு. அது போட்டோதான?”

ருகையா கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

“முள் என்ன சொல்லுது?”

“ரெண்டு நிமிஷம் அம்பத்தொரு செகண்டு.”

“அது எவ்வளவு நேரம்?”

“நூத்தி எழுபத்தொரு செகண்டு.”

“அது எவ்வளவு நேரம், அண்ணாச்சி?”

சந்தியாகுவுக்குக் கோபம் வந்தது. கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் வந்தார். உட்கார்ந்து, டுவீசரை எடுத்து, அந்த முள்ளைத் தானே கழற்றினார்.

அதன் பிறகு பதினொரு நாள் வேலை. கடுகைவிடச் சிறிய திருகுகள். உப்புக் காற்றில் ஏறிய துரு. ஒவ்வொரு சக்கரத்தையும் கழுவி, உலர்த்தி, ஊசி முனை அளவு எண்ணெய் தொட்டு வைத்தார். கடைசியாக, கடிகாரத்துக்கு உயிரான பேலன்ஸ் சக்கரத்தை இறக்கினார்.

அது ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு தானாக ஆடத் தொடங்கியது.

சந்தியாகு வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ருகையா எத்தனையோ கடிகாரங்களில் அதைப் பார்த்தவர். அவரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்.

முட்களைப் பொருத்தி மூடியதும் ருகையா கடிகாரத்தை அவர் முன் வைத்தார்.

“மூச்சைப் பிடிங்க.”

“என்னது?”

“மூச்சை இழுத்துப் பிடிங்க, அண்ணாச்சி.”

அவர் பிடித்தார். ருகையா மேல் பொத்தானை அமுக்கினார். நீள முள் ஓடியது.

இருபதில் காது அடைத்தது. முப்பதில் நெஞ்சு இடித்தது. முப்பத்தெட்டில் மூச்சு வெடித்து வெளியே வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ருகையா உதட்டில் விரல் வைத்தார்.

முள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சுற்று முடிந்தது. தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள், சில்லறைக்கு வாதாடினார்கள், நடந்து போனார்கள். முள் இன்னும் ஓடியது. இந்நேரம் அண்ணன் இருட்டில் வலையைத் தடவிக்கொண்டிருந்திருப்பான்.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. லசார் பயத்தில் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான். கத்தி இன்னும் அறுத்துக்கொண்டிருக்கும். போதும், மேலே வா என்று கத்த வேண்டும் போலிருந்தது. சந்தியாகுவின் விரல் பொத்தான் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. முப்பது. நாற்பது. முள்ளுக்கு அவசரமே இல்லை.

ஐம்பத்தொன்றில் அமுக்கினார்.

“இவ்வளவு நேரமா?”

கேட்டுக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ருகையாவும் எழுந்து நின்றார்.