நானூற்றுப் பத்து

"யாரோ என் எண்ணை நகர்த்துகிறார்கள், மேடம்," என்றார் அறவாழி.

விமானப்படையில் இருபது வருடம் ரேடார் பார்த்தவர். நாற்பத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். இப்போது ஐம்பத்திரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. அதை அனுப்ப வழிகாட்டிப் பேராசிரியர் ஷம்ஷாத் ஒப்பமிட வேண்டிய படிவம் மேசைமேல் கிடந்தது. பேராசிரியர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

"எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள், சார்?"

"புத்தகத்து எண் பக்கம்."

அவர் அளந்தது சார்ம் மீசான் என்னும் துகளின் ஆயுள். நாம் இமைப்பதற்குள் அதற்குக் கோடிக்கணக்கான ஆயுள் முடிந்துவிடும். புத்தகத்தில் நானூற்றுப் பத்து ஃபெம்டோ நொடி என்று இருக்கிறது; ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாக உடைத்தால் ஒரு துண்டு ஒரு ஃபெம்டோ நொடி.

"முதலில் ஐநூறு வந்தது. ஒரு பிழையைத் திருத்தினேன், இறங்கியது. இன்னொன்று, இன்னும் இறங்கியது. பதினொரு பிழை. இப்போது சரியாக நானூற்றுப் பத்து."

"பேய் வேலை என்று எழுதி அனுப்பிவிடலாமா?"

"சிரிக்காதீர்கள், மேடம். பிழைகள் எல்லாம் நிஜம்."

"திருத்தினால் எண்ணை ஏற்றிவிடுகிற பிழை ஒன்றாவது கிடைத்ததா?"

அறவாழி யோசித்தார். "இல்லை."

"பன்னிரண்டாவது பிழை?"

"தேடவில்லை. விடைதான் வந்துவிட்டதே."

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அளப்பவர் கண்ணில் விடை படக்கூடாது என்று, அதனுடன் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி மறைத்திருப்பார்கள். வேலை முடிந்த பிறகே அந்த எண்ணைக் கழற்றுவார்கள். பிழை தேட வசதியாக இருக்கும் என்று அறவாழி பேராசிரியரிடம் மூன்று மாதம் முன்பே கழற்றச் சொல்லியிருந்தார்.

"அன்றைக்கே தரவையும் மாற்றிவிட்டேன், சார்."

"புரியவில்லை."

"நீங்கள் அளந்தது கணினியில் நான் செய்த போலி மீசான்களை. ஆயுளை ஐநூறு என்று வைத்தேன்."

அறவாழி தன் நோட்டைப் புரட்டி, பதினொரு திருத்தங்களையும் விரலால் எண்ணினார்.

"அப்படியென்றால் நானூற்றுப் பத்து எங்கிருந்து வந்தது?"

பேராசிரியர் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"இது நிஜத் தரவு. மறைப்பு எதுவும் இல்லை. இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். என்ன வந்தாலும் ஒப்பமிடுகிறேன்."

அறவாழி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கோப்பு மெல்ல இறங்கியது. பத்து சதவீதம். முப்பது. ஐம்பது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் பேராசிரியர். "நோட்டைப் பாருங்கள்."

குனிந்தார்.

நானூற்றுப் பத்து என்று எழுதியிருந்தது. பேனா அவர் விரலிடையில் இருந்தது. மை காயவில்லை. திரையில் இன்னும் விடை வரவில்லை.

அறவாழி ஒப்பமிடாத படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நான்காக மடித்தார்.