வெயிலில் வரும் தும்மல்

கோதண்டம் லேசுப்பட்ட ஆள் இல்லை. வங்கி வேலையில் இருந்த காலத்திலேயே ஊர் ஊராய்ப் போய் வினாடி வினாவில் கோப்பை வாங்கி வந்தவர். மனைவி காலமான பிறகு மலையடிவாரத்து ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். துணிமணியோடு ஒரு விளையாட்டையும் கொண்டு வந்தார். அதன் பேர் கோர்வை.

ஒருவர் ஒரு தகவல் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து அடுத்தவர் வேறொரு தகவல் சொல்ல வேண்டும். யாரிடம் அறுந்து போகிறதோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும். சொந்தக் கதை செல்லாது, உலகத்துக்கே பொதுவான தகவலாக இருக்க வேண்டும் என்பது கோதண்டம் போட்ட சட்டம்.

வந்த நாளிலிருந்து மனுஷன் ஒரு கரண்டியைக்கூடக் கழுவியதில்லை.

ஆசிரமத்தின் குரு அஞ்சுகத்தம்மா. கோதண்டத்தைவிட வயதில் ரொம்பவே சின்னவர். அன்று காலை அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது கோதண்டம் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"அம்மா, மத்தியானம் என் பொண்ணு சுடர்க்கொடி வர்றா."

"நல்ல சேதிதானே ஐயா?"

"குடும்பத்தோட கனடா போறாங்க. சொல்லிட்டுப் போக வர்றா. டாக்சியை வாசல்லயே நிறுத்திட்டு வருவாளாம். போன தடவை காபி குடிச்ச கையோட எந்திரிச்சுட்டா."

"அன்னைக்கு என்ன பேசினீங்க?"

கோதண்டம் கொஞ்சம் யோசித்தார். "குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு சொன்னா."

"நீங்க?"

"நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல்லு உண்டுன்னு சொன்னேன்."

அஞ்சுகத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கோதண்டத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு விட்டா அவ்வளவுதாம்மா. என்ன பேசினா எம்பொண்ணு உட்காருவா? அதை மட்டும் சொல்லுங்க."

அஞ்சுகத்தம்மா மொச்சை முறத்தை நடுவில் நகர்த்தினார். "உரிச்சுக்கிட்டே ஒரு கோர்வை போடலாமா? தேன் கெட்டுப் போகாது."

இந்த நேரத்தில் விளையாட்டா என்று கோதண்டத்துக்கு எரிச்சல். ஆனால் காதில் விழுந்த தகவலைச் சும்மா விடுகிற வாயா அது?

"தேன்... நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் தேனீக்குத் தெரியும்."

"வெளிச்சம்... சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும்."

"சூரியன்... வெள்ளிக் கிரகத்துல சூரியன் மேற்கே உதிக்கும்."

"சூரியன்... கோதண்டம் ஐயா வெயில்ல இறங்கினா தும்முவார்."

"செல்லாதும்மா! அது சொந்தக் கதை."

"இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே ஐயா. உங்க தும்மலைக் கேட்டுத்தான் சமையல்காரர் உலை வைக்கிறார்."

"சரி, போகட்டும். தும்மல்... வெயில் பட்டாத் தும்முறவங்க உலகத்துல நிறைய உண்டு. பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கும் வரும்."

"பிள்ளை... உங்க சுடர்க்கொடி தும்முமா?"

கோதண்டம் வாயைத் திறந்தார். நத்தையின் பல் தெரியும், வெள்ளிக் கிரகத்துச் சூரியன் தெரியும். இது தெரியவில்லை. கையிலிருந்த மொச்சையை உரிக்காமலே முறத்தில் போட்டார்.

"தெரியலைம்மா."

"அறுந்துடுச்சே ஐயா. பாத்திரமெல்லாம் தொட்டிக்கிட்ட இருக்கு."

உச்சி வெயிலில் டாக்சி வந்து நின்றபோது கோதண்டம் வேப்பமர நிழலில் குந்தி, அடிப்பிடித்த அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் பிள்ளையோடு சுடர்க்கொடி வந்தாள். அப்பா பாத்திரம் கழுவி அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"என்னப்பா இது?"

"தோத்துட்டேம்மா. வா, வா."

"உட்கார நேரமில்லப்பா. வண்டி நிக்குது. கனடாவுல அவருக்கு வீடு கிடைச்சிருச்சாம்."

உலகத்திலேயே நீளமான கடற்கரை உள்ள நாடு கனடா. அந்தத் தகவல் கோதண்டத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே ஏரிகள் வந்தன, கரடிகள் வந்தன. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார்.

"சுடர், வெயில்ல போனா உனக்குத் தும்மல் வருமா?"

"எதுக்குப்பா? ஏதாவது தகவல் சொல்லப் போறீங்களா?"

"இல்லம்மா. எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்."

சுடர்க்கொடி அவரையே பார்த்தாள். "வரும். ஸ்கூல் பிரேயர்ல நின்னாலே வரும். வேணும்னே பண்றேன்னு அடியெல்லாம் வாங்கியிருக்கேன்."

"அடியா? யார் அடிச்சா?"

"பி.டி. மாஸ்டர்தான். அம்மா வந்து சண்டை போட்டுச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. சொல்லேன்."

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "அப்பன் சொத்துல எனக்கு வந்தது இந்தத் தும்மல் ஒண்ணுதான்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்ப்பா."

கோதண்டம் சாம்பல் படிந்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சுடர்க்கொடி பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு பலகையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பிரம்பை நீட்டியது, அம்மா அதைப் பிடுங்கியது, அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் அழுது முடித்து ஐஸ் வாங்கித் தின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. என்ன ஐஸ் என்று மட்டும் கேட்டார்.

இதற்குள் பிள்ளை ஆதன் தத்தித் தத்தி நிழலைத் தாண்டிவிட்டான். வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தான். மூக்கைச் சுளித்து ஒரு தும்மல் போட்டான்.

"டேய், டேய்!" என்று தூக்க ஓடின கோதண்டம் வெயில் பட்டதும் தும்மினார். பின்னாலேயே வந்த சுடர்க்கொடியும் தும்மினாள். அங்கேயே நின்று அவள் சிரித்தாள் பாருங்கள், அவள் அம்மா சிரிக்கிற அதே சிரிப்பு. கோதண்டத்துக்குக் கண்ணீர் கொட்டியது. தும்மினதால் என்று சொல்லிச் சமாளித்தார்.

சுடர்க்கொடி வாசலில் நின்ற டாக்சிக்காரரிடம் போனாள். "நீங்க கிளம்புங்கண்ணே. நான் சாயங்காலம் பஸ்ல போய்க்கிறேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார் கோதண்டம். மறுநாளைக்கான மொச்சையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சுகத்தம்மா அவருக்கும் இடம் விட்டு நகர்ந்தார்.

"நீங்களே தொடங்குங்க ஐயா."

"என் பேரன் ஆதனுக்கு வெயில் பட்டாத் தும்மல் வரும்."

பக்கத்திலிருந்த சீடர் குமரகுருபரன் துள்ளினார். "செல்லாது! சொந்தக் கதை! நீங்க போட்ட சட்டம்தானே ஐயா?"

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் குருவைப் பார்த்தார்கள்.

அஞ்சுகத்தம்மா கையிலிருந்த காயை உரித்து முடித்தார்.

"இப்ப நமக்கெல்லாம் தெரிஞ்சு போச்சே, செல்லும்," என்றார். "பேரன்... பல்லு எத்தனை முளைச்சிருக்கு ஐயா?"