தமனியில் ஒரு மஞ்சள் கோடு

காசிராஜன் நோய்க்குறியியல் மேற்படிப்புக்கு வந்தபோது அவனுக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பல வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவனுக்கு ஆசிரியராக வாய்த்த சலேத் மேரி அவனைவிட வயதில் சின்னவர். அதிகம் பேச மாட்டார். யாராவது சந்தேகம் கேட்டால், நுண்ணோக்கிக்கு முன்னால் இருக்கும் தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வார். நீயே உட்கார்ந்து பார் என்று அர்த்தம்.

இரண்டாம் வருஷத்தில் காசிராஜனின் அண்ணன் ஆவுடைநாயகம் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்தார். தூக்க ஓடிவந்தவர்கள் கையில் உயிரில்லை.

காரியமெல்லாம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய காசிராஜன் நேராகத் துறைக்கு வந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"எங்க அண்ணன் சாவுக்கு யார் காரணம்?"

சலேத் மேரி அவன் முகத்தைப் பார்த்தார்.

"வீட்ல யாரைச் சொல்றாங்க?"

"அம்மா எங்க மதினியைச் சொல்றாங்க. வடையும் பஜ்ஜியுமா பொரிச்சுப் போட்டே எம் பிள்ளையை அனுப்பிட்டாள்னு, துக்கத்துக்கு வந்தவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டாங்க. மதினி இப்ப அடுப்படிக்கே வர்றதில்லை. எண்ணெய் காயற வாசனை வந்தா எழுந்து கொல்லைக்குப் போயிடுறாங்க."

சலேத் மேரி நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். அடைபட்டுப்போன இதயத் தமனி ஒன்றின் குறுக்குவெட்டு.

"என்ன தெரியுது?"

"நுரை மாதிரி செல்கள், மேடம்."

"முதல்ல அது என்னவா இருந்தது?"

"காவல் செல்கள். கொழுப்பை விழுங்கி விழுங்கி இப்படி ஊதிப்போச்சு."

"எதுக்கு விழுங்குச்சு?"

"ரத்தத்துல போற கொழுப்பு தமனிச் சுவருக்குள்ள மாட்டிக்குது. அங்கேயே கிடந்து கெட்டுப்போகுது. திறந்து வெச்ச எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிற மாதிரி."

"கெடுத்தது யாரு?"



"ஆக்சிஜன்."

"வெளியிலேர்ந்து வந்த விஷமா?"

"இல்ல மேடம். நாம இழுக்கிற மூச்சுதான். அதை வெச்சுச் சாப்பாட்டை எரிச்சுத்தான் ஒவ்வொரு செல்லும் வாழுது. எரியறப்ப கொஞ்சம் சிதறுது. சிதறினது பக்கத்துல இருக்கிறதைக் கெடுக்குது."

"அப்புறம்?"

"கெட்டுப்போன கொழுப்பு தன்னோடதுதான்னு உடம்புக்கு அடையாளம் தெரியலை. காவலுக்கு ஆள் அனுப்புது. போன ஆளுக்கு எப்போ நிறுத்தணும்னு தெரியலை. தின்னு தின்னு அங்கேயே சாகுது. செத்ததை அள்ள இன்னும் ஆள் போகுது. சுவர் தடிச்சு, இறுகி..."



"இதுல நீங்க யாரைப் பிடிப்பீங்க?" என்று கேட்டார் சலேத் மேரி.

"எண்ணெய்க்கும் பங்கு உண்டுதானே, மேடம்?"

"உண்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

தகட்டை மாற்றினார்.

"இது யாரு, மேடம்?"

"லாரியில மோதி இறந்த பையன். காலேஜ்ல அப்பதான் சேர்ந்திருந்தான். பிரேதப் பரிசோதனையில தமனியைத் திறந்தப்ப வெறும் கண்ணுக்கே தெரிஞ்சது. மெலிசா ஒரு மஞ்சள் கோடு."

காசிராஜன் குனிந்து பார்த்தான். அதே நுரைச் செல்கள்.

"இந்த வயசுலயா!"

"இதுக்கும் முன்னாடியே தொடங்கறது உண்டு."

காசிராஜன் சட்டென்று எழுந்தான். "அப்படின்னா அண்ணனுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே..."

சலேத் மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் மதினியைத்தான் தேடினான். கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள் செண்பகம். கூடத்துக்குக் கூட்டிவந்தான்.

"மதினி, உங்க மேல குத்தமில்ல. நான் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன். நீங்க இந்த வீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இது ஆரம்பிச்சிருக்கும். அண்ணன் பள்ளிக்கூடம் போற வயசுலயே."

செண்பகம் மெல்ல நிமிர்ந்தாள். அண்ணன் போன பிறகு அவள் யாரையும் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பள்ளிக்கூடம் போற வயசுலயா?"

"ஆமாம்மா."

"அப்போ அவனுக்கு நாந்தானே ராசா சோறு போட்டேன்?"



அன்றிலிருந்து அம்மா வேலம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காசிராஜன் மறுபடியும் துறைக்கு வந்து நின்றான்.

"ஒருத்தர் தலையிலேர்ந்து இறக்கி இன்னொருத்தர் தலையில வெச்சுட்டேன், மேடம். நாந்தான் கொன்னேனா, நாந்தான் கொன்னேனான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களையும் விடுவிக்கணும்னா நான் இனிமே யாரைச் சொல்றது?"

சலேத் மேரி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"உங்க ஊருக்கு எங்க பஸ் ஏறணும்?"

வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. அம்மா கிடந்த பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேலம்மாள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பெரிய டாக்டராமே தாயி. நீங்க சொல்லுங்க. எம் பிள்ளையை நாந்தான் கொன்னேனா?"

 சலேத் மேரி எதையும் விளக்கவில்லை. பிடித்த கையை விடாமல் கேட்டார்:

"சின்னப் பிள்ளையில எப்படிம்மா இருப்பாரு?"

வேலம்மாளின் முகம் கோணிற்று.

"ஒரு இடத்துல நிக்க மாட்டான், தாயி. சோத்தை உருட்டிக் கையில வெச்சுக்கிட்டு தெருவெல்லாம் அவன் பின்னாடியே ஓடுவேன். ஒரு வாய் வாங்குவான், ஓடிருவான்."

கதவோரம் நின்றிருந்த செண்பகம் சொன்னாள்: "கடைசிவரைக்கும் அப்படித்தான் அத்தை. நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாங்க. உட்காருங்கன்னா கேக்கவே மாட்டாங்க."

வேலம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்கிட்டயும் உட்கார மாட்டானா?"

"மாட்டாங்க."

வேலம்மாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். செண்பகம் வந்து உட்கார்ந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்து வாய்விட்டு அழுதார்கள். அவர்கள் அழுது ஓயும்வரை சலேத் மேரி அங்கேயே இருந்தார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் காசிராஜன் மெதுவாகக் கேட்டான்:

"மேடம், அம்மா கேட்ட கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"அவங்க கேக்கலை, அழுதாங்க, காசிராஜன்" என்றார் சலேத் மேரி. "உங்க காதுலதான் அது கேள்வியா விழுந்தது."