எஸ்தர் மாஸ்டரின் அடுப்பு

"என் கடை டீயில உயிர் இல்ல," என்றார் திரவியம்.

எஸ்தர் வடிகட்டியை உதறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாஸ்டரை மாத்திப் பாத்துட்டேன். நீங்க தூள் எடுக்கிற பாக்டரியிலதான் நானும் எடுக்கேன். பால், வீட்டு மாட்டுப் பால். வந்தவன் எல்லாம் வயிறாரச் சாப்பிடுதான். கை கழுவிட்டு நேரா எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போறான். நான் கல்லாவுல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அம்பாசமுத்திரத்தில் திரவியம் ஓட்டல் என்றால் தேங்காய்ப்பால் சொதிக்குப் பேர் போனது. அந்தத் திரவியம்தான் வால்பாறை மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கடை எஸ்தருடையது. அவருடைய மூத்த மகள் வயதுதான் அவளுக்கு இருக்கும். லாரி டிரைவரிலிருந்து எஸ்டேட் மானேஜர் வரை எல்லாரும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

எஸ்தர் டீயை வடித்து ஊற்றினாள். ஒரு கண்ணாடித் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

முதல் மடக்கில் திரவியம் கண்ணை மூடிக்கொண்டார்.

துவர்ப்பு வந்தது. போனது. அதன் பின்னாலேயே ஓர் இனிப்பு வந்தது. சர்க்கரையின் இனிப்பு இல்லை. மழை விட்டதும் தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வருமே ஒரு வாசனை, அது தொண்டைக்குள் இறங்கியது போல இருந்தது. தம்ளர் காலியான பிறகும் அது போகவில்லை.

அவருக்குக் கை கூப்பத் தோன்றியது. வெட்கப்பட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதுல என்ன போடுதீங்க?"

"டீத்தூள்."

"எனக்குச் சொல்லிக் குடுங்க, மாஸ்டர்."

"இருங்க," என்றாள்.

இருந்தார்.

அவள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாத்திரத்தைக் கொடுத்தாள், கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், மறுபடியும் கழுவினார்.

கையில் வேலை, கண் அடுப்பில்.

ஒவ்வொரு தடவையும் அவள் ஊற்றுக் குழாயில் புதுத் தண்ணீர் பிடித்தாள். கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்ப அடுப்பில் ஏற்றவே இல்லை. தூள் டப்பாவைத் திறந்த கையோடு மூடினாள். தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகுதான் தூள் விழுந்தது. உடனே தீயை அணைத்து, ஒரு தட்டால் மூடினாள். தட்டின் மேல் கை வைத்து, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போலச் சும்மா நின்றாள். பிறகு வடித்தாள். பாலைத் தனியே காய்ச்சிச் சேர்த்தாள். வடித்த தூள் வாளிக்குப் போனது.

"அதுல இன்னும் சாரம் கெடக்கே!" என்று ஒரு நாள் பொறுக்காமல் சொல்லிவிட்டார்.

"எருவுக்கு ஆகும்," என்றாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், கீழ் வளைவில் மண் சரிந்தது.

பஸ்கள் வரிசையாக நின்றன. மழை விடாமல் அடித்தது. நனைந்த கோழிகளைப் போல ஜனங்கள் தகரக் கூரைக்குள் வந்து அடைந்தார்கள். ஒரு பெண் மட்டும் உள்ளே வராமல் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவள் புருஷனுக்கு ஆபரேஷன். "நடந்தாவது போறேன், வழிய விடுய்யா!" என்று பஸ் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

எஸ்தர் இரண்டாவது அடுப்பைப் பற்ற வைத்தாள். கரண்டியைத் திரவியத்திடம் நீட்டினாள்.

"அதை நீங்க பாருங்க, அண்ணாச்சி."

அவர் டப்பாவைத் திறந்தார். தூள் அடியில் கிடந்தது. தலைகளைப் பார்த்தார். ஓட்டல்காரர் மூளை வேலை செய்தது. வாளியிலிருந்து பழைய தூளை அள்ளிப் போட்டார். இஞ்சியைத் தட்டிப் போட்டார். சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டினார். நன்றாகக் கொதிக்க விட்டார். நிறம் அருமையாக ஏறியது.

எஸ்தர் வந்தாள். துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள். எல்லாரும் பார்க்க வாசலுக்கு நடந்து, மழையில் கொட்டினாள்.

திரவியத்துக்கு முகம் எரிந்தது.

"இத்தனை பேரு நடுங்கிக்கிட்டு நிக்காங்க! இருக்க தூள் கூட்டத்துக்கு எப்படிக் காணும்?"

"கூட்டம் டீ குடிக்காது, அண்ணாச்சி."

"பின்ன?"

"ஒரு ஆளுதான் குடிப்பாரு."

அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"தூள் தீந்துட்டா?"

"வெந்நி குடுப்போம். வெந்நின்னு சொல்லியே குடுப்போம்."

காலிச் சட்டியை அவர் கையில் வைத்துவிட்டுத் தன் அடுப்புக்குப் போய்விட்டாள்.

திரவியம் சட்டியைக் கழுவினார். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்தார். தளதளவென்று வரக் காத்திருந்தார். தூளைப் போட்டு, தீயை அணைத்து, மூடினார். தட்டின் மேல் கை வைத்தார். சுற்றிலும் இரைச்சல். அவருக்கு உள்ளங்கைச் சூடு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஓட்டலும் எதிர்த்த கடையும் எங்கோ போய்விட்டன.

வடித்தார். பாலைச் சேர்த்தார். தம்ளரை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

"எனக்கு எவன் டீ கேட்டான்?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அவர் இன்னும் கிட்டே போனார். மழை விழாமல் ஒரு கையால் தம்ளரை மூடிக்கொண்டு நின்றார்.

அவள் வெடுக்கென்று வாங்கினாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

அடித்துக்கொண்டிருந்த கை, பஸ் தகரத்தின் மேல் அப்படியே தங்கிவிட்டது. இன்னொரு மடக்கு. அவள் தோள்கள் இறங்கின. பிறகு மழையோடு மழையாக, காலையிலிருந்து வராத அழுகை வந்தது. அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்தாள்.

"அய்யா," என்றாள், தம்ளரைக் கொடுக்க மனசில்லாமல். "யாரு போட்டது இது?"

தன் கடையில் ஒருத்தராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். 'நான்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல் வரவில்லை.

தன் கைகளைப் பார்த்தார். அவை யாருடையவோ போல இருந்தன. மலையைப் பார்த்தார். மழையில் மலையே தெரியவில்லை.

"அண்ணாச்சி," என்று உள்ளேயிருந்து எஸ்தர் கூப்பிட்டாள். "அடுத்த ஆளு நிக்காரு."