காற்றை அடைத்துவைத்தவர்

பொத்தானைத் தட்டினால் அறை குளிர்ந்துவிடுகிற காலம் இது. தென்றல் வந்தால்தான் உண்டு என்றிருந்த அந்த நல்ல காலத்தில், மருதங்கோட்டு நாட்டை இளஞ்சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கோடையில் அவன் கோபத்துக்குக் காரணம் அவனுடைய படுக்கையறை. மற்ற அறைகளெல்லாம் ஜிலுஜிலுவென்றிருக்க, ராஜாவின் அறை மட்டும் அடுப்படியாகக் கொதித்தது. வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தார்கள். நான்கு பேர் மாறி மாறி விசிறினார்கள். புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

"போன கோடையில் இப்படி இல்லையே!" என்று கத்தினான் ராஜா.

மாணிக்கராயர் என்றொரு பிரதானி இருந்தார். அமைச்சர் அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு வயிறெரியும்.

"பங்குனியில் சுவர் பூசியவன் கொத்தன் முத்திருளன். அவனைக் கூட்டிவந்தவர் நம் அமைச்சர். என்னத்தைக் கலந்து பூசினானோ!" என்று பற்றவைத்தார்.

"நாளை பொழுது சாய்வதற்குள் அறை குளிர வேண்டும். இல்லையேல் கொத்தன் பெண்டு பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றான் ராஜா.

"சாமி, நான் பூசினது சுண்ணாம்பும் கடுக்காத் தண்ணியுந்தான்" என்று முத்திருளன் அமைச்சரிடம் வந்து அழுதான்.

அமைச்சர் அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். காரணம் தெரிந்ததும் அவருக்கே வியர்த்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் தலை தப்பாது.

மறுநாள் சபையில், "அரசே, சுவர் மேல் குற்றமில்லை. ஒருவர் காற்றைப் பிடித்து அடைத்துவைத்திருக்கிறார். அவருக்கு என்ன தண்டனை?" என்று கேட்டார்.

ராஜா வாய் திறப்பதற்குள் மாணிக்கராயர் முந்திக்கொண்டார். "நாடு கடத்த வேண்டும்!"

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்!"

ராஜாவும் தலையாட்டினான்.

அமைச்சர் சாம்பிராணித் தட்டுடன் ராஜாவின் அறைக்குப் போனார். சபையே பின்னால் போயிற்று. புகை நேரே மேலெழும்பி அசையாமல் நின்றது. தெற்குக் கதவின் பக்கம் தட்டைக் கொண்டுபோனதும், இடுக்கிலிருந்து வந்த காற்று புகையை ராஜாவின் முகத்திலேயே தள்ளியது.

அந்தக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. கதவுக்கு அப்பால் இருந்தது ராஜாவின் தாயார் வாழ்ந்த அறை. கார்த்திகையில் அவர் கண்மூடிய அன்று, "இதை எவனும் திறக்கக் கூடாது" என்று ராஜாவே தன் கையால் பூட்டியிருந்தான்.

"தென்றல் அந்த அறை வழியாகத்தான் இங்கே வரும், அரசே" என்றார் அமைச்சர், மெதுவாக.

ராஜா பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தான். உள்ளே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். குளத்துக் காற்று குபுகுபுவென்று இரண்டு அறைகளிலும் புகுந்தது.

"அம்மா ஒருநாளும் இந்தக் கதவைச் சாத்தியதில்லை. பிள்ளை காற்றாடத் தூங்கட்டும் என்பாள்" என்றான். கண் கலங்கிவிட்டது.

துடைத்துக்கொண்டு திரும்பினான். "மாணிக்கராயரே, குற்றவாளி அகப்பட்டான். தண்டனையைச் சொல்லும்."

"அரசே... இது... சின்னப் பிழைதானே..."

"கொத்தனுக்கு மட்டும் பெரிய பிழையா?"

சபை கொல்லென்று சிரித்தது. தினமும் விடியலில் வந்து அந்த ஜன்னல்களைத் திறக்கும் வேலை பிரதானிக்கே கிடைத்தது. முத்திருளனுக்கு ராஜா தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினான்.

"அமைச்சரே, நேற்றே நேராகச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா?"

"மாட்டேன்" என்று சிரித்த ராஜா, எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தாயாரின் கட்டிலில் சாய்ந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் அயர்ந்து தூங்கினான்.