ரோக்கோ–பெலிசா உடன்படிக்கை

முன்பின் பார்த்திராத நானூறு பேர் சேர்ந்திருந்த வாட்ஸ்ஆப் குழு அது. யுத்தம், ராக்கெட், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றையும் அங்கே அலசுவார்கள். குழுவை நடத்தியவர் பேராசிரியர் தண்டபாணி. எதைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் ஐந்து பத்தி பதில் போட்டுவிடுவார்.

தூத்துக்குடியில் ஒரு விடுதியில் சமைக்கிற அமலோற்பவமும் அதில் இருந்தாள். எட்டாவதுதான் படிப்பு. உலகத்தைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தக் குழுதான். ஒருநாள், "ஐயா, நீங்கள் சொல்கிற கப்பல் பாதை போன வருஷமே மாறிவிட்டதே" என்று எழுதிவிட்டாள்.

தண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. "கரண்டி பிடிக்கிறவளுக்கு உலக அரசியலா? எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று கேள், பார்ப்போம். நான் பதில் சொல்லிவிட்டால் நீ குழுவை விட்டுப் போய்விட வேண்டும்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுதினாள்: "ரோக்கோ–பெலிசா உடன்படிக்கையால் யாருக்கு லாபம், ஐயா?"

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்தான ஆண்டு, எண்ணெய் விலை, ராணுவத் தளம் என்று ஐந்து பத்தி வந்து விழுந்தது. கடைசியில், "கிளம்பு!"

"ஐயா, ரோக்கோவும் பெலிசாவும் எங்கள் வீட்டு ஆடுகள். நேற்று ஒரு முருங்கைக் கொப்புக்கு முட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கொப்பு கொடுத்து நான்தான் சமாதானம் பண்ணினேன். இதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் 'தெரியாது'. அது ஒன்றுதான் உங்களுக்கு வராது என்றுதான் கேட்டேன்."

குழுவே சிரித்தது. மூன்றாம் நாள் யாரோ தண்டபாணியிடம் செயற்கைக்கோளைப் பற்றிக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது" என்று எழுதினார் அவர். "அமலோற்பவம் அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"